83 நாள் வெயில் படாத ஊருக்கு ஒரு கண்ணாடி

இத்தாலியின் வடமேற்கில், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள அந்த்ரோனா பள்ளத்தாக்கில் விகனெல்லா என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. 200 பேர்கூட இல்லாத ஊர். நவம்பர் 11-ல் மலைக்குப் பின்னால் போகும் சூரியன் மறுபடி தலைகாட்டுவது பிப்ரவரி 2-ல்தான். நடுவில் 83 நாள் ஊருக்குள் நேர் வெயில் விழாது. வானம் வெளிச்சமாக இருக்கும், எதிர்ச் சரிவில் வெயில் அடிப்பதும் தெரியும். ஊர் மட்டும் நிழலில் கிடக்கும். வெயில் திரும்பும் பிப்ரவரி 2, குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். ஊராருக்கு அது இரட்டைக் கொண்டாட்டம்.

ஏன் அந்த இரண்டு தேதிகள்? விகனெல்லா 46 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. அங்கே டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 20 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். நவம்பர் 11-லும் பிப்ரவரி 2-லும் அந்த உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், 27 டிகிரி. தெற்கே நிற்கும் மலையைத் தாண்ட சூரியனுக்கு அவ்வளவு உயரம் வேண்டும். டிசம்பர் 21-க்கு முன்னும் பின்னும் சுமார் 40 நாள் அது எட்டுவதில்லை. திருநாளும் வெயிலும் ஒன்றாக வருவது இந்தக் கணக்கால்தான்.

1999-ல் ஊர்த் தேவாலயத்தின் முகப்பில் சூரியக் கடிகாரம் வைக்கலாம் என்றார் கட்டடக் கலைஞர் ஜாக்கோமோ பொன்சானி. மேயர் பியர்ஃபிராங்கோ மிடாலி அதற்குச் சம்மதிக்கவில்லை. வருடம் முழுக்க வெயில் வர வழி செய்யுங்கள் என்று கேட்டார். பொன்சானியும் பொறியாளர் எமிலியோ பர்லோக்கோவும் சேர்ந்து வழி கண்டார்கள். 2006 டிசம்பர் 17-ல், வெயில் படும் எதிர்ச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில், 8 மீட்டர் அகலமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு கண்ணாடி வேலையைத் தொடங்கியது. கண்ணாடி என்று பெயர்தானே தவிர, அது பளபளக்கும் எஃகுத் தகடு. எடை சுமார் 1.1 டன். செலவு ஏறக்குறைய ஒரு லட்சம் யூரோ.

இதில் சிரமமான வேலை பிரதிபலிப்பது அல்ல, குறி தவறாமல் பிரதிபலிப்பது. சின்ன வயதில் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சுவரில் அடித்து விளையாடியவர்களுக்குத் தெரியும்: கை லேசாக அசைந்தாலே வெளிச்சம் எங்கோ தாவிவிடும். படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பதால், கண்ணாடி 1 டிகிரி திரும்பினால் கதிர் 2 டிகிரி திரும்பும். 500 மீட்டர் தள்ளி அது 17 மீட்டர் விலகல். தேவாலயத்துக்கு முன்னால் உள்ள ஊர்ச் சதுக்கத்தில் விழ வேண்டிய வெளிச்சம் பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விடும். சூரியனோ மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. எனவே கண்ணாடி ஏறத்தாழ அதில் பாதி வேகத்தில், பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் விடாமல் திரும்ப வேண்டும். சூரியன் எந்த நாளில், எந்த நிமிடத்தில் எங்கே இருக்கும் என்பது துல்லியமாகக் கணக்கிடக்கூடியது. கணினி அதன்படி மோட்டார்களை இயக்குகிறது. இப்படிச் சூரியனைத் தொடர்ந்து ஒளியை ஒரே இடத்தில் நிறுத்தும் கருவிக்கு ஹீலியோஸ்டாட் என்று பெயர்.

சரி, 40 சதுர மீட்டர் கண்ணாடி அனுப்பும் ஒளி தரையிலும் 40 சதுர மீட்டர்தான் விழுமா? இல்லை. நம் கண்ணுக்குச் சூரியன் புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் கதிர்கள் முற்றிலும் இணையாக வருவதில்லை. கண்ணாடியிலிருந்து ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஒளிக்கற்றை ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவாக விரிகிறது. சதுக்கத்தை எட்டும்போது வெளிச்சம் சில நூறு சதுர மீட்டருக்குப் பரவி, அதற்கேற்ப மங்கியும் இருக்கும். ஆனாலும் அது கண்ணாடி திருப்பிவிட்ட வெயில்தான், நிழல் விழும்.

ஊர் முழுவதற்கும் இது போதாது, பெரும்பாலான வீடுகள் நிழலிலேயே இருக்கின்றன. தேவாலயத்துக்கு முன்னால், எல்லோரும் கூடும் சதுக்கத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் என் பார்வையில் இந்தத் திட்டத்தின் மிகச் சிறந்த முடிவு. வீட்டுக்கு வீடு வெளிச்சம் பங்கிட முயன்றிருந்தால் யாருக்கும் உருப்படியாகக் கிடைத்திருக்காது.

நார்வேயின் ரியூக்கன் நகரமும் இதே நிழலில் தவித்த ஊர். சூரியக் கண்ணாடி யோசனை அங்கே 1913-லேயே எழுந்தது, ஆனால் நிறைவேறவில்லை. அதற்குப் பதில் 1928-ல் மக்கள் மலைமேல் போய் வெயில் காய ரோப் கார் அமைத்தார்கள். விகனெல்லா செய்துகாட்டிய பிறகு, 2013-ல் ரியூக்கனிலும் மூன்று கண்ணாடிகள் மலைமேல் ஏறின.