மாடு தழைச்சத்தைத் தயாரிப்பதில்லை

போன ஐப்பசியில் பாலக்கோடு பக்கம் பெரியப்பா நிலத்துக்குப் போயிருந்தேன். காராமணிச் செடி ஒன்றைப் பிடுங்கி என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாரு, தக்காளியில வந்த அதே முடிச்சு, இதுலயும் வந்துடுச்சி." வேரெங்கும் மிளகு அளவில் உருண்டைகள். அவர் பயந்ததில் தப்பில்லை, அதே நிலத்தில் இரண்டு வருடம் முன்பு வேர்முடிச்சு நூற்புழு தக்காளியைக் காலி பண்ணியிருந்தது.

ஆனால் இது அது இல்லை. நூற்புழு முடிச்சு என்பது வேரே வீங்கிப்போவது, எவ்வளவு தேய்த்தாலும் கழன்று வராது. இந்த உருண்டையோ வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், விரலால் உருட்டினால் தனியாக வந்துவிடும். ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினேன். உள்ளே இளஞ்சிவப்பு, நகத்திலும் லேசாகச் சாயம் ஒட்டியது. "ரத்தம் மாதிரி இருக்கே" என்றார் பெரியப்பா. அவர் சொன்னது கிட்டத்தட்ட சரி.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். நம் ஊர்ப் பேச்சில் தழைச்சத்து என்பது இதே சங்கதிதான், ஆனால் காற்றில் இருக்கிற வடிவத்தில் எந்தப் பயிராலும் அதைத் தொட முடியாது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் மூன்று பிணைப்பு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டை அவிழ்க்க யூரியா ஆலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல நூறு இருநூறு மடங்கு அழுத்தமும் வேண்டும். ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் சோதனைச்சாலையில் செய்துகாட்டி, 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவில் கார்ல் போஷ் தொழிற்சாலையாக்கிய வழி அது. அதே வேலையை அந்த மிளகு உருண்டை, சாதாரண மண் சூட்டில், சத்தமில்லாமல் செய்கிறது.

செய்வது செடி இல்லை, உள்ளே குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா. வேர் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டு ஆள் அனுப்புகிறது, அது கிடைத்ததும் பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு சமிக்ஞை அனுப்ப, வேர்த்தூவி அப்படியே சுருண்டு அதை உள்ளே வளைத்துக்கொள்கிறது. அப்புறம் ஒரு மெல்லிய குழாய் வழியாக உள்ளே போய் குடியேறினால், அந்த இடத்தைச் சுற்றித்தான் உருண்டை வளர்கிறது. பயறு வகைகள் காற்றிலிருந்து தழைச்சத்து எடுப்பதும், அதற்கு இந்த முடிச்சுகளே காரணம் என்பதும் 1886-இல்தான் தெளிவானது. 1888-இல் டச்சு நுண்ணுயிர் அறிஞர் பெய்ஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டினார்.

சரி, சிவப்பு எதற்கு? இங்கே ஒரு சிக்கல். நைட்ரஜன் கட்டை அவிழ்க்கும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகவே ஆகாது, பட்டால் கெட்டுப்போகும். ஆனால் ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு 16 ஏடிபி (உயிரணுவின் சக்தி நாணயம்) செலவு, அவ்வளவு சக்தியைத் திரட்ட பாக்டீரியா மூச்சுவிட்டாக வேண்டும், மூச்சுக்கு ஆக்சிஜன் வேண்டும். இதற்காகவே லெக்ஹீமோகுளோபின் என்று ஒன்று அங்கே நிறைந்திருக்கிறது. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குப் பங்காளி, அதே இரும்பு, அதே நிறம். ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, நொதி கெடாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். கிள்ளினால் சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உள்ளே இருப்பது உதவாத ரகம். பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்தது.

இப்போது இயற்கை விவசாயத்துக்கு வருகிறேன். நம் பக்கம் யாரைக் கேட்டாலும் மாடு, சாணம், பஞ்சகவ்யம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு மாட்டின் மேல் கோபமில்லை. ஆனால் மாடு தழைச்சத்தைத் தயாரிப்பதில்லை, தின்ற தட்டையில் இருந்ததைத்தான் வேறு ரூபத்தில் திருப்பித் தருகிறது. அதிலும் கணிசமான பகுதி கோமியத்தில் போகும். தொழுவத்தில் மூக்கைக் குத்தும் நெடி இருக்கிறதே, அது தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துபோகும் நெடி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேழ்வரகில் சுமார் 7 சதவீதம் புரதம், புரதத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக, பத்து குவிண்டால் கேழ்வரகு விற்றால் 11 கிலோ தழைச்சத்து வண்டியேறிப் போய்விட்டது என்று அர்த்தம். 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதே சுமார் 20 கிலோதான். போனது எந்த வழியாகத் திரும்பி வரும்? மின்னலும் மழையும் கொஞ்சம் கொண்டுவரும், கேழ்வரகு வேரோரம் வாழும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா கொஞ்சம் தரும். யூரியா போடாத நிலத்துக்கு உண்மையான வாசல் பயறு வேர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மானாவாரிக் காட்டில் கேழ்வரகுக்கு நடுநடுவே ஒரு சால் அவரையோ துவரையோ விடுவதும், பின்மழைக்குக் கொள்ளு விதைப்பதும் சும்மா வந்த பழக்கமில்லை. பையூர் ஆராய்ச்சி நிலையம் பையூர் 2 என்று ஒரு கொள்ளு ரகமே வெளியிட்டிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் மிகைப்படுத்துகிறார்கள். பக்கத்துச் சால் அவரை அந்தப் போகத்திலேயே கேழ்வரகுக்கு ஊட்டிவிடும் என்பார்கள். உயிரோடு நிற்கும் செடி தன் சம்பாத்தியத்தை அவ்வளவு லேசில் பங்கு போடாது. பாக்டீரியாவுக்குச் சர்க்கரையைக் கொட்டிக்கொடுத்து வாங்கிய சரக்கு ஆயிற்றே! பெரும்பாலும் அது தழையிலும் காயிலும் போய் நிற்கும். உதிர்ந்த இலையும் வேரும் மக்கிய பிறகுதான் மண்ணுக்கு வரும், அதாவது அடுத்த போகத்துக்கு.

எனவே அறுவடையை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிலக்கடலையை வேரோடு பிடுங்கி, காயை ஆய்ந்துகொண்டு, கொடியை மாட்டுக்குப் போட்டு, அந்த எருவை வேறு நிலத்தில் கொட்டினால், கடலை போட்ட நிலம் மெலிந்துதான் போகும். "பயறு போட்டேன், மண்ணு ஒண்ணும் தேறலையே" என்று சொல்பவர்களில் பலர் செய்வது இதைத்தான்.

இன்னொன்று, பயறுக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறைந்துவிடும். சாப்பாடு வாசலுக்கே வந்தால் யார் அடுப்புப் பற்றவைப்பார்கள்? பயறு பல வருடமாகப் போடாத நிலமென்றால் வேளாண் துறையில் கிடைக்கும் ரைசோபியம் பாக்கெட்டை ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துப்போகும்.

பெரியப்பாவுக்கு ஏடிபி எல்லாம் நான் சொல்லவில்லை. நகத்தில் இருந்த சிவப்பைக் காட்டி, இதுதான் உங்கள் யூரியா மூட்டை என்றேன். நம்பினாரா தெரியாது. ஆனால் மார்கழியில் போனபோது காராமணி அறுப்பு முடிந்திருந்தது, கொல்லை முழுக்க இரண்டு விரல்கடை உயரத்துக்குத் தாள் நின்றது. பிடுங்காமல் அரிவாளால் அறுத்திருந்தார்.