பத்து சென்டிமீட்டர் காலி இடத்த வித்த கால்வாய்

ஸ்காட்லாந்துல இருக்கற கிளாஸ்கோல பெருமழை வரப்போகுதுன்னு வானிலை கணிப்பு சொன்னா, ஊருக்கு வடக்கால போற ஒரு பழைய கால்வாய் மழைக்கு முன்னாடியே தன்னோட தண்ணிய கொஞ்சம் இறக்கி வச்சுக்கும். சென்சார் மட்டம் பாக்குது, மதகு தானா திறக்குது, அதிகபட்சம் 10 சென்டிமீட்டர் இறங்குது, அவ்ளோதான். கரையில நாய கூட்டிட்டு வாக்கிங் போறவருக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. ஆனா அந்த உள்ளங்கை அகல இறக்கத்துல 55,000 கன மீட்டர் மழைத்தண்ணி பிடிக்க இடம் கிடைச்சுடுது, அதாவது ஐந்தரைக் கோடி லிட்டர், நம்ம ஊர் 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்குல போட்டா நாலாயிரத்து ஐநூறு லாரிக்கு மேல.

சும்மா கிடந்த கால்வாய்க்கு இந்த வேலை எப்படி வந்துச்சு, யாரு காசு போட்டா, பதிலுக்கு என்ன வாங்கிட்டாங்கன்னு பாத்தா கதை நல்லாருக்கு.

கால்வாய் பேரு ஃபோர்த் அண்ட் கிளைட். 1790-ல முடிச்சாங்க, ஸ்காட்லாந்த குறுக்கால வெட்டி ரெண்டு பக்கத்து கடலையும் சேக்குது, 56 கிலோமீட்டர், இன்ஜினியர் ஜான் ஸ்மீட்டன். பாய்மரத்த இறக்காமலே கப்பல் போற மாதிரி எல்லா இடத்துலயும் திறக்குற பாலமா வச்சுருந்தாங்க. அந்தத் திறக்குற பாலம்தான் கடைசில எமனாச்சு. 1960கள்ல காசில்கேரிங்கற இடத்துல பெரிய ரோடு கால்வாய கடக்கணும், அதுக்கு திறக்குற பாலம் கட்டுனா செலவு, கால்வாயவே மூடிட்டா செலவு மிச்சம். 1963 ஜனவரி 1-ல மூடிட்டாங்க. எடின்பரோ பக்கம் போற அதோட ஜோடி, 1822-ல திறந்த யூனியன் கால்வாய், அதுவும் 1965-ல போச்சு, வெஸ்டர் ஹேல்ஸ்ங்கற ஏரியால அத குழாய்க்குள்ள அடைச்சு மேல மண்ணப் போட்டு குடியிருப்பு கட்டிட்டாங்க. ஒரு பாலத்தோட செலவ மிச்சம் பண்ண 170 வருஷக் கால்வாய மூடலாம்னு அப்ப யாருக்கோ கணக்கு சரியா வந்துருக்கு, இத மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.

1990கள் கடைசில லாட்டரிப் பணம் வந்துச்சு. அங்க தேசிய லாட்டரி வருமானத்துல ஒரு பங்கு புத்தாயிரத்துக்கான திட்டங்களுக்குன்னு ஒதுக்குனாங்க, அதுலேருந்து 3.2 கோடி பவுண்டு. ஐரோப்பிய நிதி, உள்ளூர் கவுன்சில்கள்னு மீதியத் தேத்தி மொத்தம் 8.45 கோடி பவுண்டுல ரெண்டு கால்வாயையும் திரும்ப உயிரோட கொண்டு வந்தாங்க. இதுல பெரிய தலைவலி ஃபால்கிர்க். ரெண்டு கால்வாயும் அங்க சந்திக்கணும், ஆனா ஒண்ணு மேல இருக்கு ஒண்ணு கீழ இருக்கு. பழைய காலத்துல 11 லாக் வச்சு, அதாவது ரெண்டு பக்கமும் கதவு போட்ட தண்ணித் தொட்டிகள படிக்கட்டு மாதிரி அடுக்கி, படகு ஏறி இறங்கும். ஒரு தடவைக்கு 3,500 டன் தண்ணி, கிட்டத்தட்ட முழு நாள். அதையெல்லாம் 1933-லயே தூர்த்து மேல கட்டிடம் வந்துடுச்சு.

அதுக்கு பதிலா 2002-ல வச்சதுதான் ஃபால்கிர்க் சக்கரம். 35 மீட்டர் உயரம், ரெண்டு கைகள், ஒவ்வொரு கையிலயும் ஒரு தொட்டி, தொட்டிக்குள்ள தண்ணியும் படகும், ஒண்ணு மேல போனா இன்னொண்ணு கீழ வரும், 24 மீட்டர். இது வேலை செய்யுற விதத்த சமையக்கட்டுலயே பாத்துடலாம். ஒரு குண்டாவுல விளிம்பு தட்டத் தண்ணி ஊத்தி ஒரு தாம்பாளத்துல வைங்க, அதுல ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்த மெதுவா மிதக்க விடுங்க. தாம்பாளத்துல வழிஞ்ச தண்ணிய எடை போட்டா கிண்ணத்தோட எடை வரும். அப்ப குண்டாவோட எடை? கிண்ணம் வைக்கறதுக்கு முன்னாடி எவ்ளோவோ அதேதான். படகு இருந்தாலும் இல்லாட்டியும் தண்ணி மட்டம் சமமா இருந்தா ரெண்டு தொட்டியும் ஒரே எடை, சுமார் 250 டன், தராசு எப்பவும் நேரா நிக்குது. மோட்டார் உராய்வையும் காத்தையும் ஜெயிச்சா போதும், அரைச் சுத்துக்கு 1.5 யூனிட் கரண்ட், வீட்டு 2,000 வாட் கீஸர முக்கா மணி நேரம் போட்ட செலவு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, யாரும் அதிகமா சொல்றதில்ல. மேலேருந்து 20 டன் படகு கீழ வருதுன்னா மேல் தொட்டில தண்ணி 20 டன் கம்மியா இருக்கும், கீழேருந்து வர்ற தொட்டில படகு இல்லாட்டி முழுசா தண்ணி. அப்ப கீழ இறங்குற படகு தன் எடைக்கு சமமான தண்ணிய மேல் கால்வாய்க்கு ஏத்திட்டு வருது! லாக்ல படகு எந்தப் பக்கம் போனாலும் மேல் தண்ணி கீழதான் போகும்.

சரி, இப்ப விட்டுக்கொடுத்த பக்கத்துக்கு வருவோம். மூடிக் கிடந்த வருஷங்கள்ல ரோடுகள் தாழ்வா குறுக்க வந்துடுச்சு, எல்லாத்தையும் தூக்க காசு இல்ல. அதனால பாலத்துக்கு அடியில சுமார் 3 மீட்டர் உயரம் போதும்னு முடிவு பண்ணாங்க, பாய்மரத்த நிமித்தி வச்சுட்டு கடலுக்குக் கடல் போறது அதோட முடிஞ்சுது. டல்மியூர்ல அந்த 3 மீட்டருக்கும் வழியில்ல, ரோடு அவ்ளோ தாழ்வு. அங்க ரோட்ட தொடாம தண்ணிய இறக்கிட்டாங்க. படகு உள்ள வந்ததும் ரெண்டு பக்கமும் கதவ மூடி, தண்ணிய பம்பு வச்சு வெளிய எடுத்து, படகு கீழ இறங்கி, குனிஞ்சு போற மாதிரி ரோட்டுக்கு அடியில நுழைஞ்சு, அந்தப் பக்கம் போனதும் திரும்ப தண்ணி நிரப்பி மேல ஏத்துறது. பிரிட்டன்ல இந்த மாதிரி வேற கிடையாது. ரோட்டுல போற பஸ்காரருக்கு ஒரு நிமிஷம்கூட லேட் ஆகக்கூடாதுங்கறதுக்காக படகுக்காரர் படுற பாடு இது.

லாட்டரிப் பணம் ஒரு தடவதான் வரும், பராமரிப்பு வருஷா வருஷம். 2018-ல ட்வெக்கர், பானிபிரிட்ஜ் ரெண்டு இடத்துலயும் தூக்கு பாலம் பழுதாகி, சரி பண்ண காசு இல்லாம கால்வாயோட நடுவுல படகுப் போக்குவரத்தே நின்னுது, அப்புறம்தான் பணம் ஒதுக்கி திறந்தாங்க. படகுக் கட்டணத்த நம்பி எந்தக் கால்வாயும் பொழைக்காது. பொழைக்க வைக்கறது கரையோர நிலம்தான். எடின்பரோல யூனியன் கால்வாய் முடியுற ஃபவுண்டன்பிரிட்ஜ் (ஜேம்ஸ் பாண்டா நடிச்ச ஷான் கானரி பொறந்த ஏரியா) ஒரு காலத்துல ரப்பர் ஃபேக்டரி, பீர் ஃபேக்டரின்னு இருந்த இடம், இப்ப ஆபீஸும் ஃபிளாட்டும். தண்ணியப் பாத்த ஜன்னலுக்கு எந்த ஊர்லயும் விலை ஜாஸ்தி. 1997 ஸ்காட்லாந்து நகர் திட்டச் சட்டத்தோட 75-வது பிரிவுப்படி, அப்ரூவல் வேணும்னா உன் கட்டிடத்தால வர்ற சுமைக்கு இவ்ளோ கொடுன்னு கவுன்சில் பில்டர்கிட்ட ஒப்பந்தம் போட்டுக்கலாம்.

ஆனா காட்சிய விக்கற வியாபாரத்துல ஒரு ஓட்டை இருக்கு. ஃபிளாட் வித்து முடிஞ்சதும் பில்டருக்கு கால்வாய் தேவையில்ல. தண்ணி தேங்கி நின்னாலும் ஜன்னல்லேருந்து பளபளன்னுதான் தெரியும், உள்ள நாலடி சேறு இருந்தா யாருக்குத் தெரியும்?

கிளாஸ்கோ வித்தது வேற சரக்கு. ஊரோட வடக்குல தொழிற்சாலை போன இடம், அடுக்குமாடிய இடிச்ச இடம்னு காலி நிலம் நிறைய, ஆனா வீடு கட்ட முடியல. விக்டோரியா காலத்து சாக்கடையில மழைத்தண்ணியும் கழிவும் ஒண்ணாப் போகுது, மண்ணு மேல கூரையும் சிமெண்ட்டும் வந்தா உறிஞ்சவேண்டிய மழையெல்லாம் ஓடி வந்து சேரும், சாக்கடை தாங்காது. புதுசா பூமிக்கடியில பெரிய குழாய் போடுறதுக்கு பதிலா கால்வாயவே மழைநீர்த் தொட்டியா ஆக்குனாங்க, 1.7 கோடி பவுண்டு திட்டம். சைட்ஹில், ஹாமில்டன்ஹில் மாதிரி இடங்கள்ல விழுற மழை குளம், திறந்த வாய்க்கால் வழியா மெதுவா வந்து கால்வாய்ல சேரும், கழிவு சேராது. இதால 110 ஹெக்டேர் நிலத்துக்கு வழி பிறந்துச்சு, 3,000 வீடுகளுக்கு மேல கட்டலாம்னு கணக்கு.

என்னக் கேட்டா இந்த ஏற்பாடுதான் கெட்டி. வீட்டோட வடிகாலே கால்வாய்னு ஆனப்புறம் அத தூர்ந்து போக விட முடியாது, ஒரு ரோட்டுக்காக மூடவும் முடியாது, மூடுனா 3,000 வீட்டு மழை எங்க போகும்? காசில்கேரில போட்ட கணக்க இங்க திரும்பப் போட்டுப் பாருங்க, வராது. சென்னையில பறக்கும் ரயில் தூணெல்லாம் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளயே நிக்குறதப் பாத்துப் பழகுன கண்ணுக்கு இது கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.

அப்ப ஏன் 10 சென்டிமீட்டரோட நிறுத்துனாங்க, ஒரு மீட்டர் இறக்குனா பத்து மடங்கு மழை பிடிக்குமேன்னு தோணும். படகு தரை தட்டும், அது ஒண்ணு. அதவிடப் பெருசு, இந்த மாதிரி பழைய கால்வாயெல்லாம் ஒழுகாம இருக்கறது அடியிலயும் கரையிலயும் மிதிச்சுப் பூசுன களிமண்ணாலதான், நம்ம ஏரிக்கரைக்கு களிமண்ணப் போட்டு மிதிக்கற அதே வேலை. அந்தக் களிமண் நனைஞ்சே இருக்கணும், காஞ்சா வெடிக்கும், வெடிச்சா ஒழுகும். தண்ணிய சட்டுனு நிறைய இறக்குனா இன்னொரு ஆபத்து, கரைக்குள்ள ஊறுன ஈரம் வெளிய தள்ளும், எதிர்ல தாங்கிட்டு இருந்த தண்ணி இல்ல, கரை சரிஞ்சு உள்ள விழும். 230 வருஷத்துக் கரை அது.