வாழைக்காயின் நாடித்துடிப்பு 78

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகும் தம்பி ஒருவர் பாளையங்கோட்டையிலிருந்து எழுதியிருந்தார். "அண்ணா, 1,500 ரூபாய்க்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கியிருக்கேன். ஓடும்போது அது காட்டுற துடிப்பையும் தூரத்தையும் நம்பலாமா? எத்தனை நாள் உழைக்கும்? கூட ஓடுற பையன் 25,000 ரூபாய் வாட்ச் கட்டியிருக்கான், அதான் கேக்கறேன்."

பதில் எழுத உட்காரும் முன், என்னிடம் இருக்கும் அதே விலை பேண்டை எடுத்துச் சமையலறைக் கூடையில் இருந்த வாழைக்காய் மேல் இறுக்கிக் கட்டினேன். பச்சை விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கியது. பிறகு நிமிடத்துக்கு 78 என்று காட்டியது. வாழைக்காய் நல்ல ஆரோக்கியத்தோடுதான் இருந்திருக்கிறது.

உடனே 'எல்லாம் டூப்பு' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த 78 எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பேண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பச்சை எல்இடி இருக்கும், பக்கத்திலேயே ஒளியை உணரும் கறுப்புச் சில்லு ஒன்றும் இருக்கும். ஏன் பச்சை? இரத்தம் நமக்குச் சிவப்பாகத் தெரிவதே, அதிலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கிக்கொள்வதால்தான். இதயம் ஒருமுறை துடிக்கும்போது தோலுக்கடியில் உள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொஞ்சம் உப்பும். அந்தக் கணத்தில் இரத்தம் கூடுதல், திரும்பி வரும் பச்சை ஒளி குறைவு. அடுத்த கணம் நேர்மாறு. இந்த ஏற்ற இறக்கத்தைச் சில்லு நொடிக்குப் பல முறை குறித்துக்கொள்கிறது. 1937-இலேயே அமெரிக்க உடலியலாளர் ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மன் கைவிரல், கால்விரல்களில் ஒளியைப் பாய்ச்சி இதைப் பதிவுசெய்துவிட்டார். கொரோனா காலத்தில் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரும் இதே பரம்பரைதான். அதற்கான வழியை 1970-களில் கண்டவர் ஜப்பானின் தகுவோ அவோயாகி.

சங்கடம் ஒன்று உண்டு. திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி தோல், கொழுப்பு, தசை எல்லாம் அனுப்புவது. துடிப்போடு சேர்ந்து ஏறி இறங்குவது பெரும்பாலும் ஒன்றிரண்டு சதவீதம்தான். நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த ஒன்றிரண்டே போதும். விலை மலிவான பேண்டும் கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிடும்.

ஓட ஆரம்பித்ததும் கதை மாறுகிறது. கை வீசுகிறது, பேண்ட் மில்லிமீட்டர் கணக்கில் நகர்கிறது, உள்ளே இரத்தமே குலுங்குகிறது. ஒவ்வொரு காலடிக்கும் ஒளி ஏறி இறங்குகிறது, அதுவும் நாடியைவிடப் பல மடங்கு பலமாக. கோயில் திருவிழாவில் தவில் முழங்கும்போது பக்கத்தில் தட்டும் ஜால்ராவை மட்டும் காது கொடுத்துக் கேட்கப் பார்த்திருக்கிறீர்களா? பேண்டின் நிலைமை அதுதான். காலடி தவில், நாடி ஜால்ரா.

இங்கேதான் எனக்குப் பிடித்த வேலை நடக்கிறது. பேண்டுக்குள் முடுக்கமானி என்று இன்னொரு சில்லு இருக்கிறது. அடிகளை எண்ணுவது அதுதான். அதற்கு இரத்தத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆட்டம் மட்டுமே தெரியும். அதாவது அதன் காதில் விழுவது தவில் மட்டும். ஒளிச் சில்லுக்கோ இரண்டும் சேர்ந்து கேட்கிறது. ஆகவே இரண்டும் கலந்ததிலிருந்து தவிலைக் கழித்துவிட்டால் மிச்சம் ஜால்ரா! காலடி நிமிடத்துக்கு 170, நாடி 140 என்றால், கணக்கு 170-ஐத் தள்ளிவிட்டு 140-ஐப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டால்? வேகமாக ஓடுபவரின் காலடியும் 170, நாடியும் 170-ஐ ஒட்டி என்பது சர்வசாதாரணம். அப்போது தவிலைக் கழித்தால் ஜால்ராவும் சேர்ந்து போய்விடும், கழிக்காமல் விட்டால் எது எதுவென்று தெரியாது. கணக்கு சறுக்கிக் காலடியையே நாடி என்று பிடித்துக்கொள்கிறது. ஓட்டக்காரர்கள் இதைக் 'கேடன்ஸ் லாக்' என்பார்கள். போன மாதம் அரட்டை அடித்துக்கொண்டே மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன், பேண்ட் 172 என்றது. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணினேன். 33, அதாவது 132. அன்று என் காலடி வேகம் என்னவென்று ஆப்பில் பார்த்தால், அதே 172.

சரி, வாழைக்காய்? அதன் தோலும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கூடவே அறை விளக்கும் மின்னணு இரைச்சலும் சேர்கின்றன. அந்தக் குப்பையிலிருந்து துடிப்பு மாதிரி இருக்கும் எதையாவது பொறுக்கி எண்ணாக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். யார் கையை நீட்டினாலும் பலன் சொல்லும் ஜோசியர் மாதிரிதான். விலை கூடிய வாட்சுகளில் எல்இடிகளும் ஒளிச் சில்லுகளும் அதிகம், கழித்தல் கணக்கும் நேர்த்தி, சந்தேகம் வந்தால் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடு காட்டும். ஆனால் அவற்றுக்கும் இதே தவில்தான் தலைவலி. 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் பல கருவிகளைச் சோதித்தபோது, ஓய்வைவிட இயக்கத்தில் பிழை சராசரியாக 30 சதவீதம் அதிகமாக இருந்தது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டுவதாகச் சொல்லும் வாட்சுகள் தனி ரகம். அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

டியூக் செய்த மாதிரித் துடிப்புச் சோதனையை இங்கே செய்யப் பெரிய செலவு ஆகாது. ஒரு ட்ரெட்மில், இதயத்தின் மின் அலையையே நேராக அளக்கும் மார்புப் பட்டை ஒன்று, ஓடத் தயாரான ஐம்பது மாணவர்கள். மேலக்கோட்டையூரில் நமக்கென்று ஒரு விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் இதற்கும் யாராவது கையேந்தி நிற்க வேண்டும் என்பதுதான் எரிச்சல்.

அடுத்து தூரம். தம்பிக்கு இதுதான் முக்கியம், தேர்வில் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். இந்த விலையில் பேண்டுக்குள் பெரும்பாலும் ஜிபிஎஸ் இருக்காது. போன் கூட வந்தால் அதன் ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்கும். போனை வீட்டில் வைத்துவிட்டால் அடிகளை எண்ணி, உங்கள் உயரத்தை வைத்து ஊகித்த அடி நீளத்தால் பெருக்கும். அந்த ஊகம் நான்கு சதவீதம் கூடிப்போனது என்று வையுங்கள். பேண்ட் 1,500 மீட்டர் என்று காட்டும்போது நீங்கள் ஓடியிருப்பது சுமார் 1,440. கடிகாரத்தில் 6 நிமிடம் 50 நொடி, சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள். தேர்வு நாளில் அந்த மிச்ச 60 மீட்டரும் ஓட வேண்டும். அதே வேகத்தில் அதற்கு 17 நொடி பிடிக்கும், 7 நிமிடக் கெடு தாண்டிவிடும். ஆகவே தூரத்துக்குப் பேண்டே வேண்டாம். 400 மீட்டர் தடத்தில் உள்ளோரப் பாதையில் மூன்றே முக்கால் சுற்று, கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். துடிப்பைப் பொறுத்தவரை, மெதுவான ஓட்டத்துக்கு இந்தப் பேண்ட் போதும், மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே இறுக்கிக் கட்டினால். வேகமாக ஓடி முடித்ததும் அது காட்டுவதை நம்பாமல் கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் உழைக்கும்? பேட்டரி அவ்வளவு சீக்கிரம் கைவிடாது. எட்டு நாளுக்கு ஒரு சார்ஜ் என்றால் வருடத்துக்கு 45 முறைதான், லித்தியம் பேட்டரி சில நூறு முறை தாங்கும். என் முதல் பேண்ட் ஒன்பதாவது மாதம் செத்தது வேறு காரணத்தால். பின்பக்கம் சார்ஜ் ஏறும் இரண்டு உலோகப் புள்ளிகளில் ஒன்று பச்சையாகியிருந்தது. புளி போட்டுத் தேய்க்க மறந்த செம்புப் பாத்திரத்தில் ஏறும் அதே களிம்பு. ஓடிவிட்டு வந்து, வியர்வையோடு அப்படியே சார்ஜில் போடுவது என் வழக்கம். உப்புத் தண்ணீர், இரண்டு உலோக முனை, நடுவே மின்சாரம். பத்தாம் வகுப்பில் படித்த மின்னாற்பகுப்பை அலமாரி மேலேயே தினம் நடத்தியிருக்கிறேன். முலாம் கரைந்து, அடியிலிருந்த செம்பும் அரித்துப்போனது. கடையில் 'வாட்டர் டேமேஜ், வாரண்டி கிடையாது' என்றார்கள். பெட்டியில் 50 மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் என்று போட்டிருந்தது. அது உள்ளே தண்ணீர் புகுவதைப் பற்றிய பேச்சு, வெளியே இருக்கும் புள்ளிகளுக்கு அதில் இடமில்லை.

இப்போது ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, பழைய பனியனால் அந்தப் புள்ளிகளைத் துடைத்துக் காயவிட்ட பிறகே சார்ஜில் போடுகிறேன். இரண்டாவது பேண்டுக்கு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. 25,000 ரூபாய் வாட்சுக்காரத் தம்பியிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் வியர்க்கும்.