ஏற்காட்டில் நாட்டுக்கோழி ஏன் வேக மறுக்கிறது?

சேலத்தில் எங்கள் வீட்டில் மண்சட்டியில் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தால் ஒன்றேகால் மணி நேரத்தில் கறி எலும்பை விட்டுக் கழன்று வரும். அதே வயசுச் சேவலை ஏற்காட்டில் அத்தை வீட்டு விறகடுப்பில் ஏற்றினால், இரண்டு மணி நேரம் ஆன பிறகும் தொடைக்கறி பல்லுக்கு வேலை வைக்கும். அத்தை கோழிக்குக் குக்கர் வைக்க மாட்டார். "மலை மேல அப்படித்தான் கண்ணு, நின்னுதான் வேகும்" என்று விறகைத் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் சொல்வது அறிவியல்படி சரி. சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சேலத்தில் 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. விறகை எவ்வளவு வைத்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. ஆவிதான் கூடும், குழம்புதான் வற்றும். குக்கர் ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால்தான் உள்ளே சூடு 120 டிகிரி பக்கம் போகிறது.

ஆனால் பிராய்லர் கறியை அதே ஏற்காட்டு அடுப்பில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்படியானால் விஷயம் தண்ணீரில் மட்டும் இல்லை, கோழிக்குள்ளும் இருக்கிறது.

கறி என்று நாம் சொல்வது மெல்லிய தசைநார்களின் கட்டு. வைக்கோலைப் பிரி போட்டுக் கட்டுவது போல, இந்த நார்களைக் கட்டி வைத்திருப்பது ஜவ்வு. ஜவ்வில் இருக்கும் முக்கியமான புரதம் கொலாஜன். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு போன்றது அது. ஒரு கயிற்றுக்கும் பக்கத்துக் கயிற்றுக்கும் இடையில் அங்கங்கே முடிச்சுகள் விழுகின்றன. இளம் கோழியில் இந்த முடிச்சுகள் இளக்கமானவை, கொஞ்சம் சூடு பட்டதுமே அவிழும். வயது ஏற ஏற அவை சூட்டுக்கு எளிதில் அசையாத இறுகிய முடிச்சுகளாக மாறிக்கொண்டே போகும். கடைக்கு வரும் பிராய்லருக்கு வயது ஆறு வாரம் இருந்தால் அதிகம். சந்தைக்கு வரும் நாட்டுச் சேவல் ஐந்தாறு மாதம் முற்றத்தில் ஓடி, கிளறி, பறந்து, சண்டை போட்டு வளர்ந்தது. அதன் முடிச்சுகள் இறுகியிருக்கும். அந்தக் கயிறு அவிழ்வதற்கு 99 டிகிரிக்கும் 95 டிகிரிக்கும் இடையில் உள்ள நான்கு டிகிரி பெரிய வித்தியாசம்.

அவிழ்ந்த கொலாஜன் எங்கேயும் போய்விடுவதில்லை, ஜெலட்டினாகக் குழம்பில் கரைகிறது. நாட்டுக்கோழி ரசத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி இரவு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். வழியாது, கூழாக உறைந்து ஆடும். உதட்டில் லேசாக ஒட்டுகிறதே ஒரு பிசுபிசுப்பு, 'ரசம்னா இதுதான்' என்று சொல்ல வைக்கிறதே, அதில் பெரும் பங்கு இந்த ஜெலட்டினுக்கு உண்டு.

கொங்கணாபுரம் சனிக்கிழமைச் சந்தையில் கோழி வாங்கும் பெரியவர்களைக் கவனித்திருக்கிறேன். கோழியைக் கவிழ்த்துப் பிடித்து, நெஞ்செலும்பின் பின்நுனியைக் கட்டைவிரலால் அழுத்துவார்கள். இளசாக இருந்தால் அந்த நுனி குருத்தெலும்பாக வளையும், முற்றியதென்றால் எலும்பாகிக் கெட்டிப்பட்டிருக்கும். அப்புறம் சேவலின் காலில் முள்ளைத் தடவிப் பார்ப்பார்கள். அதுவும் வயதோடு வளர்வது. ஆராய்ச்சிக்கூடத்தில் இதே வேலைக்கு ஒரு கருவி உண்டு. வெந்த கறித்துண்டை ஒரு மழுங்கல் தகடு அறுத்துச் செல்ல எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அது அளக்கும். வார்னர் பிராட்ஸ்லர் முறை என்று பெயர். கட்டைவிரல் கோழியின் வயதைச் சொல்கிறது, கருவி அந்த வயது கறியில் செய்த வேலையைச் சொல்கிறது.

சரி, மென்மையை விடுங்கள், ருசி? கோழி உயிரோடு இருக்கும்போது தசைக்குச் சக்தி தருவது ஏடிபி என்ற பொருள். அறுத்த பிறகு அது படிப்படியாகச் சிதைந்து இனோசினிக் அமிலமாக மாறும். நாவில் கறியின் 'இறைச்சிச் சுவை' என்று தெரிவதில் இதற்கு முக்கியப் பங்கு இருக்கிறது. தக்காளியில் இயல்பாகவே இருக்கும் குளூட்டமேட்டோடு சேர்ந்தால் அந்தச் சுவை பல மடங்கு கூடும். நம் குழம்பில் தக்காளி இருப்பது நல்ல பொருத்தம். கொரிய நாட்டுக்கோழிகளை பிராய்லரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், நாட்டுக்கோழிக் கறியில் இனோசினிக் அமிலம் கூடுதலாக இருந்தது. ஓடித் திரியும் கோழியின் தொடையில் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் நிறைய இருக்கும். தொடைக்கறி கருஞ்சிவப்பாகத் தெரிவது அதனால்தான்.

பிராய்லர் என்றாலே 'ஊசி போட்டு வளர்க்கிறார்கள்' என்று சேலத்தில் டீக்கடைக்கு டீக்கடை பேச்சு. அது தவறு என்று இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்துக் கறிக்கோழி வம்சங்களை ஒரே தீவனம் கொடுத்து ஒன்றாக வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் 1957 வம்சம் 905 கிராம், 1978 வம்சம் 1,808 கிராம், 2005 வம்சம் 4,202 கிராம். ஒரே தீனி, ஒரே கவனிப்பு. வித்தியாசம் முழுக்க, தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்பவற்றைப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்ததில் வந்தது. அந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. நெஞ்சுத் தசை, ரத்த ஓட்டம் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பெருத்து, சில கோழிகளில் வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. சிலவற்றில் நெஞ்சுக்கறி கட்டை போல விறைத்துவிடுகிறது.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழுப்பு ஓடு என்றால் நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி இரட்டை விலை கொடுக்கிறவர்கள் நிறைய. ஓட்டின் பழுப்பு நிறம் புரோட்டோபார்ஃபிரின் என்ற நிறமியால் வருவது. எந்த நிறத்தில் ஓடு வரும் என்பது கோழியின் வம்சத்தில் எழுதியிருக்கிறது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூண்டில் வளரும் பழுப்பு முட்டைக் கோழிகளும் இருக்கின்றன. மஞ்சள் கருவின் நிறம் வேறு கதை. அந்த நிறமியைக் கோழியால் தன் உடம்பில் செய்யவே முடியாது. கீரை, புல், மஞ்சள் சோளம் இவற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தீவனத்தில் சாமந்திப்பூச் சாறு கலந்தாலும் கரு பளிச்சென்று ஆகும். எனவே நிறத்தை மட்டும் வைத்து மேய்ச்சல் முட்டை என்று முடிவு செய்ய முடியாது.

இதே நிறமி கோழியின் தோலிலும் காலிலும் படிந்தால் மஞ்சள் கால். இதற்குள் நம்மூர்க் கதை ஒன்று ஒளிந்திருக்கிறது. வீட்டுக்கோழிகளின் முன்னோர் சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். சாம்பல் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்துக்கே உரிய பறவை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் விடியற்காலையில் புதருக்குள்ளிருந்து கூவுவது அதுதான். உலகம் முழுக்க இருக்கும் மஞ்சள்கால் கோழிகளில் நம் காட்டின் ஒரு துணுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

அப்படியானால் நாட்டுக்கோழியை மேம்படுத்துவது என்றால் என்ன செய்வது? வளர்ச்சியை வேகப்படுத்துவதுதான் முதலில் தோன்றும். நந்தனம் கோழி, வனராஜா போன்ற இனங்கள் புறக்கடை வளர்ப்புக்கு என்றே உருவாக்கப்பட்டவை. எங்கள் சேலம் மாவட்டத்திலிருந்து 1997-இல் பிரிந்த நாமக்கல்லில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கோழி ஆராய்ச்சி பல காலமாக நடக்கிறது. முட்டை வருமானம் தேடும் குடும்பத்துக்கு இந்த இனங்கள் பெரிய உதவி. ஆனால் கறியைப் பொறுத்தவரை எனக்கு ஒரு கவலை உண்டு. நாட்டுக்கோழிக்கு நாம் கூடுதல் காசு கொடுப்பது அதன் வயதுக்குத்தான். ஆறு மாதக் கறியை இரண்டு மாதத்தில் கொண்டுவந்தால், கெட்டிப்பட்ட ஜவ்வும் இருக்காது, அந்த ரசமும் இருக்காது. சிறுவிடை என்ற நம் சின்ன நாட்டுக்கோழியை வேகமாக வளர்ப்பதைவிட, சாகாமல் வளர்ப்பதில் மேம்பாட்டுக்கு அதிக இடம் இருக்கிறது.

ஏனென்றால் ஒரு கிராமத்துப் பெட்டைக்கோழி 12, 13 முட்டை இட்டதும் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறி அடை படுத்துவிடும். 21 நாள் அடை, அப்புறம் குஞ்சோடு திரியும் காலம். எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மூன்று, நான்கு ஈடுதான். பொரிக்கும் குஞ்சுகளில் பாதியைக் காக்கையும் பருந்தும் வெள்ளைக்கழிச்சலும் கொண்டுபோனால், மிஞ்சுவது கைவிரலில் எண்ணும் அளவுதான். ராணிக்கெட் என்று புத்தகத்தில் சொல்லும் வெள்ளைக்கழிச்சல் ஒரு வாரத்தில் ஒரு தெருக் கோழி முழுவதையும் முடித்துவிடும். வந்த பிறகு மருந்தில்லை, தடுப்பூசி மட்டுமே. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வார வாக்கில் இறக்கைக்கு அடியில் ஊசி. ஓடுகிற கோழியைப் பிடிக்க முடியாதவர்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் குருணை வடிவத்திலேயே ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. தீனியோடு போட்டால் போதும்.

அத்தை வீட்டில் தை மாதக் கடைசியில் 11 குஞ்சு பொரித்தது. ஏழாம் நாள் நானே ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பிடித்தேன், அத்தை சொட்டு விட்டார். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக, மூடிமூடித் திறக்கும் கண். மாசி முடியும்போது ஒன்று மட்டும் பருந்துக்குப் போயிருந்தது, பத்தும் காப்பிச் செடிகளுக்கு அடியில் கிளறிக்கொண்டு திரிந்தன. கிளம்பும்போது அத்தை சொன்னார்: "ஆடிப் பதினெட்டுக்கு வா கண்ணு, சேவல் அப்பத்தான் பதமா இருக்கும்."