‘ஐகான்’ விக்கிரகம் அன்று

கிழக்கத்தியத் திருச்சபைகளின் வழிபாட்டு ஓவியங்களைக் குறிக்கும் ‘ஐகான்’ என்ற சொல்லை ‘விக்கிரகம்’ என்றும், அவற்றுக்கு எதிராக பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், எழுந்த இயக்கத்தை ‘விக்கிரக உடைப்பு’ என்றும் மொழிபெயர்ப்பது பெருகிவருகிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நீண்ட வழக்கில் எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டையே அப்பொருளுக்குப் பெயராகச் சூட்டும் பிழை இது.

கிரேக்கத்தில் ‘எய்கோன்’ என்றால் ஒன்றை ஒத்த உரு. பொய்த்தெய்வத்தின் உருவைக் குறிக்கும் ‘எய்தோலோன்’ வேறு சொல். பழைய தமிழ் வேதாகமம் விக்கிரகம் என்பது அதைத்தான். வடமொழியில் விக்கிரகத்துக்கு உடல், வடிவம் என்ற பொருள்கள் உண்டே என்று வாதிடலாம். ஆனால் ‘விக்கிரகாராதனை’ தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் கிறிஸ்தவர் காதில் ஒரு பாவத்தின் பெயராகவே விழுந்துவந்திருக்கிறது. வேர்ச்சொல்லைக் காட்டி அந்தப் பழக்கத்தைத் துடைத்துவிட முடியாது. 787-இல் ஆயர்கள் கூடிய இரண்டாம் நிக்கேயா திருச்சபைச் சங்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டுமே உரியது, ஓவியங்களுக்கு உரியது வணக்கம், அவ்வணக்கமும் அவற்றில் காட்டப்பட்டவரையே சென்றடைகிறது என்று வரையறுத்தது. ஐகான்களுக்காகப் பரிந்து எழுதிய எட்டாம் நூற்றாண்டு இறையியலாளர் தமஸ்கு யோவான் வாதாடியதும் இந்த வேறுபாட்டுக்காகத்தான். அத்தீர்மானத்தில் ‘விக்கிரகம்’ என்று பெய்து படித்தால், சங்கம் தான் விலக்கியதையே விதித்ததாகிவிடும்.

‘சொரூபம்’ சற்றுத் தேவலை என்றாலும், நம் கத்தோலிக்கக் கோயில்களில் அது தேரேறிப் பவனி வரும் சிலைக்கு உரிய பெயர். ஐகானோ பெரும்பாலும் மரப்பலகையில் துணி ஒட்டி, வெண்பூச்சிட்டு, முட்டை மஞ்சட்கருவில் குழைத்த நிறங்களாலும் பொற்றகட்டாலும் ஆக்கப்படுவது. ‘சின்னம்’ என்பார்க்கு 692-ஆம் ஆண்டின் துருல்லோ சங்கமே விடை சொல்லியிருக்கிறது: கிறிஸ்துவை இனி ஆட்டுக்குட்டியாக வரையாமல் மனித உருவிலேயே காட்ட வேண்டும் என்கிறது அதன் 82-ஆம் விதி. சின்னத்தை விலக்கி முகத்தைக் கேட்ட மரபுக்குச் சின்னம் என்றே பெயரிடுவது என்ன நியாயம்? கணினித் திரைக்குச் செய்துகொண்ட சொல்லை அகராதியிலிருந்து எடுத்துக் கோயிலுக்குள் வைக்கும் அவசரம்தான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

என் பரிந்துரை ‘திருச்சாயல்’. ஆதியாகமம் 1:26-இல் கிரேக்க மொழிபெயர்ப்பு ‘எய்கோன்’ என்னும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ‘சாயல்’ என்கிறது. கொலோசையர் 1:15-இல் கிறிஸ்துவைக் கண்காணாக் கடவுளின் ‘எய்கோன்’ என்று பவுல் சொல்லுமிடத்தில் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பும் ‘சாயல்’ என்றே தருகிறது. ‘திருவோவியம்’ தெளிவான சொல்தான், ஆனால் இத்தாலியச் சுவரோவியங்களையும் அது தன்னுள் அடக்கிக்கொள்ளும்.

இன்னொன்று: ஐகான் ‘எழுதப்படுகிறது’ என்று அம்மரபினர் சொல்வதை, கிரேக்க வினைக்கு எழுதுதல், வரைதல் இரண்டும் பொருள் என்பதால் நேர்ந்த குழப்பமாக எண்ணி, மொழிபெயர்ப்பாளர்கள் ‘வரையப்படுகிறது’ என்று திருத்துகிறார்கள். தமிழுக்கு அந்தத் திருத்தம் தேவையே இல்லை. ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்ற குறளில் (1285) எழுதுவது மை தீட்டுவது. சித்திரம் எழுதுதல் என்பதும் நம் பழைய வழக்கே.