மழை பொய்த்தாலும் பிழைக்கும் கணக்கு

மலையகத்துக் காலநிலையை நம்பி எதையும் திட்டம் போட முடியாது என்று நாமே எத்தனையோ தடவை சொல்லியிருப்போம். ஆடி மாசத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை விடாமல் ஊற்றும், அதே நேரம் மலையைத் தாண்டிப் போனால் பண்டாரவளையில் காய்ந்த காற்று வீசும். தை, மாசியில் நுவரெலியாவில் பனி விழுந்து கொழுந்து கருகும். நமக்குக் கம்பளி இருக்கிறது, கூரை இருக்கிறது. தவளைக்கும் பூச்சிக்கும் என்ன இருக்கிறது?

விலங்குகள் சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் இசைவாக்கம் பற்றிப் படித்திருப்போம். அது சரிதான். ஆனால் வருகிற மாற்றம் முன்கூட்டியே ஏதாவது அறிகுறி காட்டுகிறதா, இல்லையா என்பதைப் பொறுத்து பிழைக்கும் வழியே வேறாகிவிடும்.

அறிகுறி இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தேயிலை மலையிலேயே பார்க்கலாம். கவ்வாத்து வெட்டிய மலை மறுபடி துளிர்க்கும்போது இளங்கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள். கடுகு மணியளவில் சின்னதாக, கறுப்பாக, அழுக்கணவன் பூச்சி மொய்த்துக் கிடக்கும், சுற்றி எறும்பு ஓடும். அநேகமாக எல்லாமே சிறகில்லாத பெண்கள். ஆண் துணை தேவையில்லை, முட்டையும் கிடையாது, நேரே குட்டி போடும், அந்தக் குட்டியின் வயிற்றுக்குள்ளேயே அடுத்த தலைமுறை வளரத் தொடங்கியிருக்கும். கூட்டம் நெருக்கமாகி இலையும் முற்றத் தொடங்கினால் கதை மாறும். அதே தாய்க்கு, அதே மரபணுவோடு, சிறகுள்ள மகள்கள் பிறக்கும், அவை வேறு செடி தேடிப் பறந்துவிடும். சிறகு வளர்க்கச் செலவு அதிகம், சிறகுள்ளது குட்டி போடுவதும் குறைவு. அதனால் நெருக்கடி என்ற அறிகுறி கிடைத்த பிறகுதான் அந்தச் செலவு.

அறிகுறியே இல்லாமல் வரும் மாற்றத்துக்கு இது உதவாது. இந்த வருஷம் மழை வருமா என்று யாருக்கும் தெரியாத இடத்தில் எந்தப் பூச்சியும் எந்த மீனும் முன்கூட்டித் தயாராக முடியாது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வருகிறது.

இரண்டு வகை உயிர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம், எண்கள் புரிவதற்காக நான் போட்டவை. முதல் வகை தன் முட்டை எல்லாவற்றையும் முதல் மழையிலேயே பொரிக்கவிடும்: நல்ல வருஷத்தில் மூன்று மடங்காகப் பெருகும், கெட்ட வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இரண்டாவது வகை கொஞ்சத்தை மண்ணிலேயே தூங்கவிடும்: நல்ல வருஷத்தில் 1.8 மடங்குதான் பெருகும், கெட்ட வருஷத்தில் 0.8 பங்கு மிஞ்சும். சராசரி பார்த்தால் முதல் வகை 1.6, இரண்டாவது 1.3. முதலாவதுதான் கெட்டிக்காரன் போலத் தெரியும். ஆனால் நல்லதும் கெட்டதும் மாறி மாறி நான்கு வருஷம் வந்தால், முதல் வகையில் 100 என்பது 300, 60, 180 என்று போய் 36இல் நிற்கும். இரண்டாவது வகை 180, 144, 259 என்று போய் 207இல் நிற்கும். காரணம், குடித்தொகை வருஷா வருஷம் கூட்டல் கணக்கில் வளர்வதில்லை, பெருக்கல் கணக்கில் வளர்கிறது. பெருக்கலில் ஒரே ஒரு சின்ன எண் மொத்தத்தையும் இழுத்துக் கீழே போட்டுவிடும், ஒரு பூச்சியம் வந்தால் எல்லாமே முடிந்தது. நுவரெலியாவில் உருளைக்கிழங்கு போடுகிறவர் விதை முழுவதையும் ஒரே நாளில் மண்ணில் இறக்காமல் கொஞ்சத்தைப் பின்னால் நட வைத்துக்கொள்வதும் இந்தக் கணக்குத்தான்.

மொசாம்பிக், தான்சானியா பக்கம் மழைக்குட்டைகளில் வாழும் நொதோபிராங்கியஸ் என்ற சின்ன மீன் இதைச் செய்கிறது. குட்டை வற்றியதும் வளர்ந்த மீன் எல்லாம் செத்துவிடும், மண்ணுக்குள் முட்டைகள் மட்டும் உறங்கும். மழை வந்தாலும் எல்லா முட்டையும் ஒரே தடவையில் பொரிக்காது, வந்த மழை பாதியில் ஏமாற்றிவிட்டால் அடுத்த மழைக்கு மிச்சம் இருக்கும். மீன் உட்கார்ந்து யோசித்து இதைச் செய்யவில்லை. எல்லா முட்டையும் ஒன்றாகப் பொரித்த பரம்பரைகள் ஏதோ ஒரு கெட்ட வருஷத்தில் துடைத்துப் போயின, சிதறிப் பொரித்தவை மிஞ்சின. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான்.

நம் மலைக்காட்டு மரத்தவளைகள் வேறு வழி பிடித்தன. சூடோபிலாட்டஸ் பேரினத்தில் இலங்கையில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. பெரும்பாலானவை தரையில் சின்னக் குழி பறித்து முட்டையிட்டு மண்ணால் மூடிவிடும், முட்டைக்குள்ளேயே முழுத் தவளையாக வளர்ந்து வெளியே வரும். குளமோ ஓடையோ நிரம்புமா என்ற கவலை இல்லை, ஈரமான மண் போதும். ஆனால் அந்த ஈரத்தைக் காப்பது காட்டின் நிழல். கோப்பிக்காகவும் அப்புறம் தேயிலைக்காகவும், நம் முன்னோரின் கையாலேயே, அந்தக் காடு வெட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேகரித்த இந்தத் தவளை இனங்களில் பல பிறகு காணவே கிடைக்கவில்லை. 1853இல் விவரிக்கப்பட்டு, அழிந்ததாக எண்ணப்பட்ட ஒரு இனம் 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கிடைத்தது என்று படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

ஏறி இறங்கும் மாற்றத்துக்குப் பழகிய உயிர்கள் ஒரே திசையில் போகும் மாற்றத்தில்தான் தடுமாறுகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் கொபோடிஸ் என்ற குட்டி ஓணான் முட்டையிடாமல் குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டையை விடுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டு வெயில் காய்வது நல்லது. குளிருக்கென்றே அமைந்த உடம்பு அது. வெப்பம் கூடக்கூட இன்னும் மேலே ஏற வேண்டும், ஆனால் நம் மலைகளில் மிக உயரமான பிதுருதலாகலையே 2524 மீற்றரோடு முடிந்துவிடுகிறது. மலைக்கு மலை போகலாம் என்றால் நடுவில் தேயிலையும் மரக்கறித் தோட்டமும். ஓடைக்கரையில் விட்டுவைத்த காட்டுப் பட்டைகள்தான் இந்த உயிர்களுக்கு இருக்கும் பாதை, அதையும் வெட்டினால் ஒரு பெரிய குடித்தொகை பல சின்னத் துண்டுகளாகிவிடும். பிறகு ஒரு கெட்ட வருஷத்தில் ஒரு துண்டில் எல்லாம் செத்துப் போனால், பக்கத்துத் துண்டிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப எதனாலும் முடியாது.