கிட்டாரின் சாடில் ஏன் கோணல்?

"புதிதாக வாங்கிய அக்கூஸ்டிக் கிட்டாரில், பிரிட்ஜ் (கிட்டாரின் உடலில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு) மேலிருக்கும் வெள்ளைப் பட்டை கோணலாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேண்டாம். ஸ்டீல் கம்பி கிட்டாரில் அது நேராக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

அந்தப் பட்டைதான் சாடில். கம்பியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும் என்று சுரமானியை வைத்துப் பள்ளியில் படித்திருப்போம். கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளைப் பதிப்பதும் அந்தக் கணக்கில்தான். ஆனால் கம்பி ஃப்ரெட்டுக்குச் சற்று மேலே நிற்கிறது. விரலால் அழுத்தினால் இழுபட்டு, இழுவிசை கூடி, ஸ்ருதி ஏறிவிடும். போதாததற்கு, தடித்த கம்பி முனையில் விறைத்து நிற்பதால் நீளம் குறைந்ததுபோல ஒலிக்கும். இரண்டுக்கும் சேர்த்து சாடிலைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். தடித்த ஆறாவது கம்பிக்கு அதிகம், மெல்லிய முதல் கம்பிக்குக் குறைவு. அதனால்தான் கோணல்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டாவது கம்பி. சாடிலை உற்றுப் பாருங்கள், பல கிட்டார்களில் அந்த இடத்தில் மட்டும் விளிம்பைப் பின்னுக்குச் செதுக்கியிருப்பார்கள். மூன்றாவது கம்பி பார்க்கத் தடிமன்தான், ஆனால் பாதிக்கு மேல் வெளியே சுற்றிய வெண்கலம். இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு மட்டுமே. இரண்டாவதோ முழுக்க எஃகு, வழக்கமான செட்டில் 0.016 அங்குலம். அழுத்தும்போது இரண்டும் ஒரே அளவு நீண்டாலும், எஃகு அதிகமுள்ள கம்பியில் இழுவிசை அதிகம் ஏறும். மெலிந்த கம்பிதான் கூடுதலாக அபஸ்வரம் பேசும்! நைலான் இழுத்த இழுப்புக்கு வருவதால் கிளாசிக்கல் கிட்டாருக்குப் பெரும்பாலும் நேரான சாடிலே போதும்.

சோதிப்பது எளிது. புதுக் கம்பி மாட்டி, கம்பியின் பாதியில் வரும் 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது 5 சென்ட் ஏறியிருக்கிறது என்று வையுங்கள் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). சாடிலை எவ்வளவு நகர்த்துவது? 645 மில்லிமீட்டர் கம்பியில் 1 மில்லிமீட்டர் பின்னால் போனால் 12-ஆவது ஃப்ரெட்டில் ஸ்ருதி 5 சென்டுக்கு மேல் இறங்கும். ஆனால் அழுத்தாத வெறும் கம்பியும் இறங்குமே! அதை மறுபடி ஏற்றி ட்யூன் செய்ததும் பாதி ஆதாயம் போய்விடும், மிஞ்சுவது சுமார் 2.7 சென்ட். ஆக, கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும்.

வாசிக்க வாசிக்க மரம் பழகி ஸ்ருதி தானாகச் சேரும் என்பார்கள் சிலர். மரம் எவ்வளவு பழகினாலும் சாடில் நகராது. அதன் தடிமனே சுமார் 3 மில்லிமீட்டர்தான். செதுக்கித் திருத்துவதெல்லாம் அதற்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் சாடில் உட்காரும் பள்ளத்தை அடைத்து வேறிடத்தில் வெட்ட வேண்டியதுதான், அதற்குக் கை தேர்ந்த ஆள் வேண்டும்.